கைக்குழந்தை தாண்டிய வயதில் தீம் பார்க்: முதல் முறை கூட்டிப் போகிறவர்களுக்கு

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கென்று நம் ஊர்த் தீம் பார்க்குகளில் இருப்பது மிகக் குறைவு. குட்டி ரயில், குடை ராட்டினம், மெதுவாகச் சுற்றும் ஒன்றிரண்டு ரைடு, ஆழமில்லாத ஒரு குழந்தைகள் குளம், அவ்வளவுதான். மீதி எல்லாம் அண்ணன் அக்காக்களுக்கானது. இது தெரியாமல் போகிறவர்கள், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று உச்சி வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். இரண்டு மணிக்குக் குழந்தை அழத் தொடங்கும். மூன்று மணிக்குப் பெரியவர்களுக்குள் சண்டை தொடங்கும்.

ஆகவே அன்றைய திட்டத்தை ரைடுகளின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். குழந்தை வீட்டில் மதியம் எத்தனை மணிக்குத் தூங்கும், எப்போது பசிக்கும் என்பதை முதலில் எழுதுங்கள். பூங்காவை அதற்குள் பொருத்துங்கள். கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

எங்கே, எப்போது

சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம், பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் குயின்ஸ்லாந்து ஆகியவை பழகிய இடங்கள். திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. கோவைப் பக்கம் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், சிறுவாணி சாலையில் கோவை கொண்டாட்டம். இந்த வயதுக் குழந்தைக்கு எது சிறந்தது என்று கேட்டால், பெரிய ரைடு அதிகம் உள்ளது எது என்று பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடியது எது, நிழல் அதிகம் உள்ளது எது, குழந்தைகள் குளம் தனியாக இருப்பது எது என்று பாருங்கள். பெரிய ரோலர் கோஸ்டர் இருந்தால் உங்களுக்குத்தான் ஆசை வரும். குழந்தைக்கு அதன் சத்தம் மட்டும்தான் கிடைக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை சென்னைக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான் நல்லவை. மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடி மின்னல் என்றால் நீர் விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் இந்த வயதுக் குழந்தையைத் திறந்தவெளிப் பூங்காவுக்கு அழைத்துப் போகவே வேண்டாம். அந்த நாட்களில் ஈஞ்சம்பாக்கத்திலேயே உள்ள விஜிபி மரைன் கிங்டம் போன்ற குளிரூட்டிய மீன் காட்சியகம் நல்ல மாற்று. தலைக்கு மேலே நீந்தும் மீனைப் பார்ப்பதே இந்த வயதுக்குப் போதும்.

வார நாள் நல்லது. ஆனால் வார நாளில்தான் பள்ளி, கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டி வரும். முந்தைய நாள் போன் செய்து, "நாளைக்கு ஸ்கூல் குரூப் எவ்வளவு வருது?" என்று கேட்டுவிடுங்கள். வந்தாலும் அவர்கள் குழந்தைகள் பகுதிக்கு வர மாட்டார்கள். உணவகத்தையும் உடை மாற்றும் அறையையும்தான் நிரப்புவார்கள். கட்டாயம் தவிர்க்க வேண்டியவை ஞாயிற்றுக்கிழமையும் காணும் பொங்கலும்.

போன் செய்யும்போதே இன்னும் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: நீர் விளையாட்டுகள் எத்தனை மணிக்குத் திறக்கும்? குழந்தைச் சாப்பாட்டை உள்ளே கொண்டுவரலாமா? பாலூட்ட, டயப்பர் மாற்ற இடம் இருக்கிறதா? ரைடு ஏறாத தாத்தா பாட்டிக்கு டிக்கெட் குறையுமா? முதல் கேள்விதான் முக்கியம். சில பூங்காக்களில் காலையில் உலர் ரைடுகள் மட்டும் ஓடும், நீர்ப் பகுதி மதியத்தை ஒட்டித்தான் திறக்கும். அது சரியாகக் குழந்தை தூங்கும் நேரம்.

உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்

பெரும்பாலான பூங்காக்களில் குழந்தை டிக்கெட்டை வயது தீர்மானிப்பதில்லை, உயரம் தீர்மானிக்கிறது. 85, 90 செ.மீ. என்று ஏதாவது ஒரு கோடு இருக்கும். அதற்குக் கீழே இலவசம், மேலே குழந்தைக் கட்டணம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 2 வயதுக் குழந்தையின் நடு உயரம் சுமார் 86–87 செ.மீ., 3 வயதில் 95–96 செ.மீ. அதாவது உங்கள் குழந்தை அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்பது இந்த வயதில்தான் மாறிக்கொண்டிருக்கும். செருப்பில்லாமல் குதிகாலைச் சுவரில் ஒட்டி நிறுத்தி, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைக் கிடையாக வைத்துச் சுவரில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். கவுன்டரில் வாக்குவாதம் மிச்சம்.

ரைடு வாசலில் உள்ள உயரப் பலகையோடு மட்டும் வாதாடாதீர்கள். "நான்தான் பக்கத்துல உட்கார்றேனே" என்று ஆபரேட்டரிடம் கெஞ்சுகிறவர்கள் தினமும் வருகிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்கும் இருக்கையில் அது பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் உள்ள குழந்தைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கும். ரைடு திரும்பும் வேகத்தில் குழந்தை அந்த இடைவெளி வழியாக நழுவும். நீங்கள் கையால் பிடித்திருப்பது அந்த வேகத்துக்குப் போதாது. உயர விதி அதற்காகத்தான்.

பையில் என்ன

இரண்டு பை. ஒன்று லாக்கருக்கு, ஒன்று எப்போதும் தோளில். லாக்கர் பெரும்பாலும் வாசலருகே இருக்கும். நீர்ப் பகுதியிலிருந்து போய்வரப் பத்து நிமிடம்கூட ஆகலாம். அவசரத்துக்கு வேண்டியது லாக்கரில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

தோள் பையில்: டயப்பர் மூன்று, ஸ்விம் டயப்பர் இரண்டு, ஈரத் துடைப்பான், ஒரு செட் உலர்ந்த உடை, மெல்லிய துண்டு, பருத்தித் தொப்பி, குழந்தையின் தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா தின்பண்டம், ஈரத்துணி போட ஜிப் கவர் மூன்று, ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு. லாக்கர் பையில்: மீதி டயப்பர்கள் (உள்ளே இருக்கும் நேரத்தை மணிக்கணக்கில் எடுத்து இரண்டால் வகுத்து, இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்), இன்னும் இரண்டு செட் உடை, பெரிய துண்டு இரண்டு, மதியச் சாப்பாடு, வெந்நீர் பிளாஸ்க், உங்களுக்கு மாற்றுடை. குழந்தைக்கு ஏற்கெனவே மருத்துவர் சொன்ன காய்ச்சல் மருந்து இருந்தால், எடைக்கேற்ற அளவை பாட்டில்மேல் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பழைய துணியோ பொம்மையோ இருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். பையில் வேறு எது விட்டுப்போனாலும் உள்ளே கடையில் வாங்கலாம், இதை வாங்க முடியாது.

ஓஆர்எஸ் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் அடைத்து இனிப்பாக வரும் சில பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு விற்கப்பட்டன. சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் வைப்பதைத் தடை செய்தது. மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட பொடி பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். வெளியே போகும்போது 200 மி.லி.க்கான சிறு பாக்கெட்தான் வசதி.

ஸ்ட்ரோலரா, தூக்கும் பையா? குடைபோல மடங்கும் லேசான ஸ்ட்ரோலர் நல்லது. கனமானதைக் கொண்டுபோனால் ஒவ்வொரு படிக்கட்டிலும் நீங்கள் அதைத் தூக்குவீர்கள். வெயில் படாமல் ஸ்ட்ரோலரைத் துணியால் முழுக்க மூடும் பழக்கம் ஆபத்தானது. உள்ளே காற்றோட்டம் நின்று, வெளியே இருப்பதைவிடச் சூடு ஏறிவிடும். நிழலில் நிறுத்துங்கள், துணி போட்டால் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.

கிளம்பும் முன் நகைகளைக் கழற்றுங்கள். தங்கம் தொலையும் என்பது ஒருபுறம். கழுத்தில் உள்ள கறுப்புக் கயிறும் மணியும் சறுக்கு மரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். கொலுசும் அப்படியே. கண்ணுக்கு மை வேண்டாம், தண்ணீரில் கரைந்து கண்ணுக்குள் போகும். உடம்பு முழுக்க எண்ணெய் தடவிக் கூட்டிப் போனால் குளத்தில் உங்கள் கையிலிருந்தே குழந்தை வழுக்கும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ளதை வெயிலில் இறங்குவதற்கு 15–30 நிமிடம் முன்பே தடவ வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து எழுந்த பின்பும் மறுபடி. காது மடலையும் பாதத்தின் மேல்பகுதியையும் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

நாளை எப்படிப் போடுவது

இரண்டரை வயதுக்குக் கீழே என்றால் அரை நாள் போதும். இது சமாதானப் பேச்சு இல்லை, அந்த வயதுக்கு அதுதான் சரியான அளவு. திறக்கும் நேரத்துக்கு வாசலில் இருங்கள், மதியம் ஒரு மணிக்குள் சாப்பாட்டை முடித்துக் கிளம்பிவிடுங்கள், குழந்தை வண்டியில் தூங்கட்டும். முழு நாள் டிக்கெட்டின் பாதி வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொண்டால், அந்தப் பாதியைக் காசாக்கப் போய் இரவு முழுவதும் தூங்காமல் அழும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

முழு நாள் இருந்தே ஆக வேண்டும், கூடப் பெரிய பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் இப்படிப் போடலாம்:

1. 10.30 முதல் 12.00 வரை உலர் ரைடுகள். வாசலில் எல்லோரும் பெரிய ரைடுக்கு ஓடுவார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் போங்கள், குழந்தைகள் பகுதி காலியாக இருக்கும்.
2. 12.00 மணிக்குச் சாப்பாடு. 12.30 தாண்டினால் உணவகத்தில் இடம் பிடிக்க முடியாது.
3. 12.45 முதல் 2.30 வரை தூக்கம். குளிரூட்டிய உணவகத்தின் மூலை, மரநிழல், எது கிடைத்தாலும் அதை உள்ளே நுழைந்தவுடனேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி, ரெயின் டான்ஸ் (பாட்டுப் போட்டு, மேலிருந்து தண்ணீர் கொட்ட ஆடும் இடம்) இரண்டிலிருந்தும் தள்ளி. காரில் தூங்க வைப்பதானால் ஏசி ஓட, திறந்த வெளியில் நிறுத்தி, கூடவே ஒரு பெரியவர் விழித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். பூட்டிய கார் நம் ஊர் வெயிலில் அதற்குள்ளேயே அபாயமான சூட்டுக்குப் போய்விடும்.
4. 3.00 மணிக்கு மேல் தண்ணீர். வெயில் சாய்ந்திருக்கும், குழந்தையும் தூங்கி எழுந்திருக்கும்.
5. 4.30க்குள் வெளியே. வார இறுதி மாலையில் ஈசிஆரில் நகரத்துக்குள் வரும் வண்டிகளோடு சிக்கினால் ஒரு மணி நேரப் பயணம் இரண்டாகும், ஈர முடியோடு பசித்த குழந்தை பின் சீட்டில் இருக்கும்.

பெரியவர்கள் நான்கு பேர் போனால் குழந்தையை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் யாருமே பார்க்காமல் விடுவதுதான் நடக்கும். மணிக்கணக்கில் முறை போட்டுக்கொள்ளுங்கள். முறை மாறும்போது, "இனிமே நான் பார்த்துக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் நிம்மதியாகப் பெரிய ரைடு ஏறலாம். கணவனும் மனைவியும் மட்டும் என்றால், ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் வரிசையில் நிற்காமல் ஏற விடுவீர்களா என்று ஆபரேட்டரைக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பெரிய பூங்காக்களில் இதற்கென முறையே உண்டு. இங்கே கூட்டமில்லாத நாளில் பெரும்பாலும் தலையசைப்பார்கள்.

உலர் ரைடுகள்

முதல் ரைடாகக் குட்டி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். மெதுவானது, திறந்தது, பூங்கா முழுவதையும் சுற்றிக் காட்டும். நிழலும் கழிப்பறையும் எங்கே என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ரைடில் ஏற்றும் முன் ஒரு சுற்று ஓடுவதைக் குழந்தையோடு வெளியே நின்று பாருங்கள். குழந்தை கையை நீட்டிக் காட்டினால் ஏற்றலாம். உங்கள் தோளில் முகத்தைப் புதைத்தால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். அழுகிற குழந்தையை "ஏறினா சரியாயிடும்" என்று ஏற்றினால், நடுவில் நிறுத்த முடியாத மூன்று நிமிடத்தை அது அனுபவித்துவிட்டு, மீதி நாள் முழுக்க எதிலும் ஏறாது.

ராட்டினக் குதிரையில் குழந்தையைத் தனியாகப் பெல்ட் போட்டு உட்கார வைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கை இடுப்பைச் சுற்றி இருக்கட்டும். மேலே கீழே போகும் குதிரைக்குப் பயந்தால் அசையாத குதிரையோ பெஞ்சோ அதே ராட்டினத்தில் இருக்கும். சுற்றும் கப், டாஷிங் கார், பேய் வீடு, 4டி தியேட்டர் நான்கும் இந்த வயதுக்கு வேண்டாம். டாஷிங் காரின் மோதலில் தலை முன்னும் பின்னும் வெட்டும். குழந்தையின் கழுத்துத் தசை அதைத் தாங்காது. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்துக்குள் எந்தச் சுற்றும் ரைடும் வேண்டாம், காரணம் உங்கள் சட்டையில் தெரியும். துப்பட்டா, முந்தானை இரண்டையும் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் எதிலும் ஏற வேண்டும்.

கரடி, முயல் வேடம் போட்டு வருகிறவரைக் கண்டால் இந்த வயதுக் குழந்தைகளில் பலர் அலறுவார்கள். ஐந்தாறு அடி தள்ளி நின்று கையசைத்தால் போதும். படம் எடுப்பதற்காக அவர் கையில் குழந்தையைத் திணிக்க வேண்டாம். ரெயின் டான்ஸ் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நீங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் குழந்தையின் காதுக்கு அதிகம்.

குழந்தையின் விருப்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிடித்தது டிக்கெட்டில் இல்லாத ஏதோ ஒன்றாக இருக்கும்: குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், ஒரு பூனை, கடற்கரையை ஒட்டிய பூங்கா என்றால் மணல். இருபது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். கடல் பக்கத்தில் இருந்தாலும் காலை நனைக்கக்கூட இறங்க வேண்டாம். ஈசிஆர் கடலில் இழுப்பு அதிகம்.

தண்ணீரில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இந்த வயதுக் குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீர் போதும். முகம் குப்புற விழுந்தால் தலையின் எடைக்குத் தானாக எழ முடியாது. கூச்சல் வராது, கை அடிக்காது; சத்தமில்லாமல் நடந்துவிடும். ஆகவே குழந்தை தண்ணீரில் இருக்கும்போது, அதைப் பார்த்துக்கொள்ளும் முறையில் உள்ளவர் கையெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து பார்ப்பது பார்ப்பதாகாது. போன் லாக்கரில் இருக்கட்டும். படம் எடுப்பது முறையில் இல்லாதவரின் வேலை. லைஃப் கார்டு இருக்கிறாரே என்று விடாதீர்கள், அவர் நூறு பேரைப் பார்க்கிறார்.

கைகளில் மாட்டும் காற்றுப் பைகளும் மிதவை வளையமும் விளையாட்டுப் பொருள்கள், உயிர்காக்கும் கருவிகள் அல்ல. வளையத்தின் நடுவே குழந்தை கீழே நழுவும், தலைகீழாகக் கவிழவும் செய்யும். பூங்காவில் லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் போட்டு, பூட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரியது. கால்களுக்கிடையே வரும் பட்டை உள்ளதாகக் கேளுங்கள்.

உடையின் நிறத்துக்கும் பொருள் உண்டு. நீல நிறமும் வெள்ளையும் குளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு வாங்குங்கள். பருத்தி உடையோடு இறங்கப் பல பூங்காக்கள் விடாது. அது தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். நைலான் காஸ்ட்யூம் உங்களுக்கும் வேண்டும். உள்ளே வாடகைக்குக் கிடைத்தாலும் குழந்தை அளவு கிடைப்பது சந்தேகம், வெளியிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

சாதாரண டயப்பரோடு தண்ணீரில் இறக்கினால் ஐந்தே நிமிடத்தில் ஊதிக் கனத்து, ஜெல் வெளியே வரும். ஸ்விம் டயப்பர் மலத்தை மட்டும்தான் கொஞ்ச நேரம் தடுக்கும், சிறுநீரைத் தாங்காது. எனவே குளத்தருகே போன பிறகு மாட்டுங்கள். வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு போனால் கார் சீட் நனையும். முக்கால் மணிக்கு ஒருமுறை குளத்துக்கு வெளியே போய்ச் சோதித்து மாற்றுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். நின்ற பிறகும் இரண்டு வாரம் பொதுக் குளத்தில் இறக்காமல் இருப்பது நல்லது. சில கிருமிகள் குளோரினில் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும், நம் குழந்தையால் மற்றக் குழந்தைகளுக்கு வரும்.

இறங்கும் முன் குழந்தைகள் குளத்தில் நீங்கள் நடந்து பாருங்கள். தண்ணீர் குழந்தையின் இடுப்புக்குக் கீழே இருக்கும் பகுதி எது, தரை எங்கே பாசி பிடித்து வழுக்குகிறது, உறிஞ்சும் வடிகால் வாய் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடிகாலின் பக்கம் போகவே வேண்டாம். தரையிலிருந்து பீச்சும் நீர்த்தாரையின் வாயில் குழந்தைகள் உட்காரப் பார்ப்பார்கள். அந்த அழுத்தம் உள்ளுறுப்பைக் காயப்படுத்தும், தூக்கிவிடுங்கள். மேலே பெரிய வாளி தொங்கினால் அது நிரம்பிக் கவிழும். அதன் அடியில் நின்றால் குழந்தை தரையோடு சாயும்.

அடுத்து, நல்ல எண்ணத்தில் எல்லோரும் செய்யும் ஒரு தவறு: குழந்தையை மடியில் வைத்துச் சறுக்குவது. சறுக்கும்போது குழந்தையின் காலோ செருப்போ பக்கச் சுவரில் ஒட்டி நின்றுவிடும். தனியாகச் சறுக்கினால் குழந்தை அங்கேயே நின்றிருக்கும். மடியில் இருப்பதால் பெரியவரின் எடை முழுவதும் முன்னே தள்ள, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். எலும்பு மருத்துவர்களுக்கு நன்கு பழக்கப்பட்ட காயம் இது. சிறு சறுக்கலில் குழந்தை தனியாக, உட்கார்ந்து, கால் முன்னே நீட்டி வரட்டும். நீங்கள் கீழே நின்று பிடியுங்கள். தனியாக வர முடியாத சறுக்கல் அந்தக் குழந்தைக்கானது அல்ல. வெயிலில் காய்ந்த சறுக்கலில் முதலில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். சிமென்ட் தரையும் அப்படியே சுடும். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு வேண்டும்.

அலைக்குளத்தில் அலை தொடங்கும் முன் சைரன் ஊதுவார்கள். ஊதியதும் குழந்தையோடு வெளியேறிவிடுங்கள். விளிம்பில் நின்றாலும் பின்வாங்கும் தண்ணீர் காலை வாரும், பெரியவர்கள் மேலே வந்து விழுவார்கள். ட்யூபில் மிதந்து செல்லும் லேஸி ரிவரும் வேண்டாம், ட்யூபின் நடு ஓட்டை வழியாக நழுவ ஒரு நொடி போதும்.

ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிடம். சிறு உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். உதடு நீலமானாலோ, நடுங்கினாலோ, திடீரென அமைதியானாலோ உடனே எடுத்து, துடைத்து, உலர்ந்த உடை போட்டு, வெதுவெதுப்பாக ஏதாவது கொடுங்கள். "இன்னும் வேணும்" என்று அழுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

வெளி உணவை அனுமதிக்காத பூங்காக்களும் பொதுவாகக் குழந்தை உணவைத் தடுப்பதில்லை. ஆனால் தனி டப்பாவில், அளவாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கே புளியோதரை கட்டிக்கொண்டு போய்க் குழந்தைக்கு என்று சொன்னால் வாசலில் எடுத்துவைத்துவிடுவார்கள். இட்லி, இடியாப்பம், பருப்பு சாதம், வேகவைத்த உருளைக்கிழங்கு நல்லவை. காலையில் பிசைந்த தயிர் சாதம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். பாலில் ஊறிய எதுவும் அப்படியே. பால் பொடி கொடுப்பதானால் பொடியை அளந்து உலர்ந்த பாட்டிலில் போட்டு வைத்து, கொடுக்கும்போது பிளாஸ்க் வெந்நீர் ஊற்றி ஆற்றுங்கள். குழந்தை குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

உள்ளே விற்கும் பாப்கார்ன் நான்கு வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைக்கும். கடலையும் அப்படியே. திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

தண்ணீரைக் கேட்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்கு கொடுங்கள். குளத்தில் இருக்கும்போது வேர்ப்பது தெரியாது, ஆனால் வேர்க்கும். டயப்பர் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நனைய வேண்டும். ஆறு மணி நேரம் நனையவில்லை, நாக்கு காய்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் ஓஆர்எஸ் கரைத்துச் சிறு கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, கூப்பிட்டால் சரியாகப் பார்க்காமல் துவண்டு கிடந்தால் 108. ஆம்புலன்ஸ் வரும் வரை நிழலில் கிடத்தி, உடையைக் கழற்றி, தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

குழந்தை காணாமல் போனால்

காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். அதையே நீங்களும் செய்யலாம். காகிதப் பட்டை தண்ணீரில் கிழியும்; அழியாத மார்க்கரால் முன்கையில் எண்ணை எழுதுவது எளிது. இரண்டு எண், இரண்டும் உள்ளே இருக்கும் ஆட்களுடையதாக, அதில் ஒன்றாவது லாக்கரில் வைக்காத போனாக இருக்கட்டும். பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம். வாசலில் அன்றைய உடையோடு ஒரு முழு உருவப் படம் எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் ஞாபகம் வராது.

கண்ணில் படவில்லை என்று தெரிந்த நொடியில் ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும். மற்றவர் முதலில் தேட வேண்டியது அருகிலுள்ள தண்ணீரை. பொம்மைக் கடையிலும் வாசலிலும் தேடுவது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் அங்கே நிமிடங்கள் இருக்கின்றன, தண்ணீரில் இல்லை. கூச்சப்படாமல் உரக்கக் குழந்தையின் வயதையும் உடை நிறத்தையும் சொல்லிக் கத்துங்கள். மூன்றாவது ஆள் இருந்தால் ஊழியரிடம் சொல்லி வெளியேறும் வாசலைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். பிறகு 112.

கிளம்பும்போது

கடைசி ரைடு முடிந்த உடனே கிளம்புவதாக இருந்தால் அழுகை நிச்சயம். "இன்னும் ரெண்டு தடவை, அப்புறம் டாட்டா" என்று எண்ணிக் காட்டி, ரைடுக்கே டாட்டா சொல்ல வையுங்கள். நல்ல தண்ணீரில் தலை முதல் கால் வரை குளிப்பாட்டி, தொடை இடுக்கையும் கழுத்து மடிப்பையும் நன்றாகத் துடைத்துச் சாதாரண டயப்பர் போடுங்கள். குளோரின் தண்ணீர் அங்கே தங்கினால் மறுநாள் சிவந்து புண்ணாகும். காதைத் துணியின் நுனியால் வெளியே மட்டும் துடைத்து, தலையை இரு பக்கமும் சாய்த்துவிடுங்கள். பட்ஸ் விட வேண்டாம்.

பிளாக் தண்டர் போகிறவர்களில் பலர் அதே மாலை ஊட்டிக்கு ஏறத் திட்டமிடுவார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடி, வயிறு நிறையச் சாப்பிட்ட குழந்தை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்க வாய்ப்பு அதிகம். அன்று மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிட்டுக் காலையில் லேசாகச் சாப்பிட வைத்து ஊட்டி ஏறுங்கள்.

அன்றிரவு குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்கும், அது இயல்பு. தண்ணீர் குடித்துப் புரையேறிய குழந்தைக்கு இருமல் நிற்காமல் தொடர்ந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, எழுப்பியும் சரியாக எழாவிட்டாலோ விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த இரண்டு நாளில் காதைப் பிடித்து இழுத்து அழுவது, கண் சிவந்து பீளை தள்ளுவது, தண்ணீராக வயிற்றால் போவது, நடக்கும்போது ஒரு காலை ஊன்ற மறுப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். மருத்துவரிடம் போனால் பூங்காவுக்குப் போன நாளையும், சறுக்கலில் மடியில் வைத்தீர்களா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெல்லிய எலும்பு முறிவு வெளியே வீக்கமில்லாமலும் இருக்கும்.